பிளஸ் டூ முடித்த மகளைச் சென்னைக்கு அனுப்புவதா, பாளையங்கோட்டையிலேயே சேர்ப்பதா?

அம்பை நெல் வியாபாரி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளிலேயே தமிழ்வழியில் படித்து, இந்த ஆண்டு பொதுத்தேர்வில் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கணிதத்தில் ஏறத்தாழ முழு மதிப்பெண். நானும் அவள் அம்மாவும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எனவே மேற்கொண்டு எங்கே, என்ன படிக்க வைப்பது என்று சொல்ல வீட்டுக்குள் ஆள் இல்லை.

அவள் கணிதப் பட்டப்படிப்புதான் படிக்க வேண்டும் என்கிறாள். அதுவும் சென்னையில் படித்தால்தான் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போக முடியும் என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் மைத்துனரோ பொறியியலை விட்டுவிட்டுக் கணிதம் படிக்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். அவள் அம்மாவுக்கு விடுதிப் பாதுகாப்பு பற்றிய கவலை. எனக்குப் பணம் பற்றிய கவலையும் இருக்கிறது. சென்னையில் பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற நல்ல கல்லூரிகள் எவை, அங்கே கிடைப்பது பாளையங்கோட்டையில் கிடைக்காதா என்று விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பாளை கணித ஆசிரியை:

அண்ணாச்சி, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். கணிதத்தை விரும்பிக் கேட்கும் பெண் பிள்ளைகள் குறைந்து வரும் காலத்தில் அந்த விருப்பத்தை நீங்கள் மதித்து விசாரிப்பதே எனக்கு மகிழ்ச்சி.

சென்னை நல்லதா, பாளை நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. சென்னையில் மட்டுமே கிடைப்பது எது, அது இந்தப் பிள்ளைக்கு இப்போதே தேவையா, மூன்று ஆண்டு கழித்துத் தேவையா என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். இளநிலைக் கணிதத்தின் பாடத்திட்டம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பகுப்பாய்வு, இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல் ஆகியவற்றை ஒழுங்காக நடத்தக்கூடிய ஆசிரியர் இருக்கிறாரா, நூலகத்தில் நூல் இருக்கிறதா, ஐயம் கேட்டால் எரிந்து விழாமல் விளக்குவார்களா என்பவைதாம் முக்கியம். இவை எல்லாம் நம் ஊரில் நெடுங்காலமாக உண்டு. சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914-இல் தொடங்கியது. பாளையில் சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே பெண்களுக்காகத் தொடங்கப்பட்டுவிட்டது. தூய யோவான் கல்லூரி 1878-ஆம் ஆண்டையும், தூய சவேரியார் கல்லூரி 1923-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே கட்டணம் மிகக் குறைவு. அம்பையிலிருந்து பாளைக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து படித்துப் போகும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதுநிலைக்கு அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இதைச் சொல்வதால் சென்னை வேண்டாம் என்பது என் கருத்தன்று. சென்னைக்கு அனுப்பினால் எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பிரிவில், என்ன செலவில் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றிலேயே உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு உண்டு. பெரும்பாலும் ஷிஃப்ட் 1, ஷிஃப்ட் 2 என்று பிரித்திருப்பார்கள். வாசலில் இருக்கும் பெயர் ஒன்றுதான் என்றாலும் கட்டணம் பல மடங்கு வேறுபடும். சேர்க்கை அட்டை கையில் வந்த பிறகுதான் எந்தப் பிரிவு என்று பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போதே அந்தக் கட்டத்தைக் கவனித்து நிரப்புங்கள்.

வள்ளியூர்க்காரன், இப்போது தாம்பரம்:

ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டு, சென்னைப் பக்கத்து விவரங்களை நான் தருகிறேன். இங்கே பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்க்கை நாளில் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கான கல்லூரிகளில் நம் மக்கள் பெரிதும் நாடுவது நான்கு. கடற்கரைச் சாலையில் ராணி மேரி கல்லூரி அரசுக் கல்லூரி. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் 1915-இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி. கதீட்ரல் சாலையில் 1947-இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ். எழும்பூர்ப் பக்கம் 1948-இல் தொடங்கிய எத்திராஜ் மகளிர் கல்லூரி. இருபாலரும் படிப்பவற்றில் 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால், ராணி மேரியைப் போலவே, அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பொது இணைய விண்ணப்பத்தில் வந்துவிடும். நெல்லை ராணி அண்ணா கல்லூரிக்கும் அதே விண்ணப்பம்தான். மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசி நாள். தேர்வு முடிவு வந்த ஒரு சில நாள்களிலேயே சில கல்லூரிகளில் முதல் பட்டியல் வந்துவிடுகிறது. சாவகாசமாக ஜூன் மாதம் புறப்பட்டு வருவோருக்குச் சுயநிதிப் பிரிவு மட்டுமே மிஞ்சும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1837-இல் நகருக்குள் பள்ளியாகத் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்த கல்லூரி அது. மரங்கள் அடர்ந்த பரந்த வளாகம். விடுதிகள் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. நெல்லையிலிருந்து வரும் வண்டிகள் தாம்பரத்தில் நிற்பதால், பெட்டியோடு எழும்பூர் வரை போய் நகரப் பேருந்தில் திண்டாட வேண்டியதில்லை. சேர்க்கும்போது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாக வந்து போகப் போகிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது சிறிய விஷயம் அன்று.

நகரத்தின் அளவையும் மனத்தில் வையுங்கள். சிறுசேரியும் கட்டாங்குளத்தூரும் சேப்பாக்கமும் எல்லாம் சென்னைதான் என்று விளம்பரங்களில் போட்டிருக்கும். சேப்பாக்கத்தில் படிக்கிற பிள்ளைக்குக் கட்டாங்குளத்தூரில் இருக்கும் சித்தி வீடு உதவாது. நாள்தோறும் போக வர நான்கு மணி நேரம் கழிந்துவிடும். உறவினர் வீட்டை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கல்லூரியை முடிவு செய்துவிட்டு, அதன் சொந்த விடுதியில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள்.

கடையம் பொறியாளர்:

மைத்துனர் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்கல்விச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021 முதல் இருக்கிறது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அந்த வளாகத்தில் அம்பையைச் சேர்ந்த ஒரு நெல் வியாபாரியின் மகள் ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல் படிக்க முடியும் என்பதை நான் மிகப் பெரிய வாய்ப்பாகக் கருதுகிறேன். கணிதப் பட்டத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பொறியியல் தரவரிசையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட் ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் முழு மதிப்பெண்ணை நெருங்கிய பிள்ளைக்கு அது பெரிய பலம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் தரும்போது, எது கிடைக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தாதீர்கள். எது வேண்டும் என்ற வரிசையில் கொடுங்கள். முதலில் கொடுத்தது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத் தானாகச் செல்லும். மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோவதில்லை. ஒதுக்கீடு வந்த பின்பும், அதை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கவும் வழி உண்டு. சென்னை கிடைக்காமல் போனாலும் 1981 முதல் இயங்கும் நெல்லை அரசு பொறியியல் கல்லூரி வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

பாளை கணித ஆசிரியை:

கடையத்துத் தம்பி தந்த விவரங்கள் எல்லாம் சரியானவை, பயனுள்ளவை. கலந்தாய்வுக்குப் பதிவு செய்து வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, கணிதம் கேட்கும் பிள்ளையை நான்கு ஆண்டு வேறொன்றில் உட்கார வைக்க வேண்டாம். கணிதம் படித்தாலும் அவளுக்கு உதவி இல்லாமல் போகவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இது நிற்காது. நெல்லையிலிருந்து போய் வந்து படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொகை பேருந்துக்கும் புத்தகத்துக்கும் பெரும்பாலும் போதும். சென்னை விடுதிச் செலவில் அது ஒரு சிறு பகுதிதான்.

சிறுசேரி ஆய்வு மாணவன்:

நான் சேரன்மகாதேவிக்காரன், இளநிலைக் கணிதத்தைப் பாளையில் படித்துவிட்டு முதுநிலைக்குச் சென்னை வந்தவன். ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று அந்தத் தங்கை கேள்விப்பட்டவை எவை, அவற்றின் கதவு எப்போது திறக்கிறது என்பதை விளக்கினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும் என்று நம்புகிறேன்.

சென்னையில் கணிதத்துக்கென்று முன்னணியில் நிற்பவை நான்கு இடங்கள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் 1989-இல் தொடங்கியது. இளநிலையில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டம் தருகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அங்கே சேர முடியாது. தனி நுழைவுத்தேர்வு உண்டு, அதற்கான விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவு வரும் முன்பே முடிந்துவிடும். இது நம் மாவட்டத்துப் பள்ளிகளில் பலருக்கும் தெரியாமல் போவது எனக்கு உள்ளபடியே வேதனை தருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வு சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்களைத் தேடவில்லை. ஒரு கூற்று ஏன் உண்மை என்று காரணம் காட்டி எழுதுகிறவர்களைத் தேடுகிறது. அதற்குப் பயிற்சி ஓராண்டாவது வேண்டும்.

இரண்டாவது, தரமணியில் 1962-இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம். அங்கே இளநிலைப் பட்டமே கிடையாது. பட்டம் முடித்தவர்கள்தாம் ஆய்வுப் படிப்புக்குச் செல்ல முடியும். மூன்றாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனம். 1950-இல் அழகப்பச் செட்டியார் தொடங்கி வைத்தது. முதுநிலையும் ஆய்வும் மட்டுமே. நான்காவது, ஐ.ஐ.டி. மெட்ராஸ், அங்கே முதுநிலைக் கணிதத்துக்கு ஜாம் என்னும் தேர்வின் வழியாகச் சேர்கிறார்கள். அந்தத் தேர்வில் நீங்கள் எந்தக் கல்லூரியில் இளநிலை படித்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

ஆக, நான்கில் மூன்று இடங்களின் கணிதத் துறைகள் பட்டம் முடித்தவர்களுக்காகவே திறந்திருக்கின்றன. மீதமுள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் கதவு இந்த ஆண்டுக்கு அடைத்தாயிற்று. ஆகவே அந்த நிறுவனங்களை எண்ணி இப்போதே சென்னைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. பாளையிலோ சென்னையிலோ எங்கே இளநிலை படித்தாலும், மூன்று ஆண்டு கழித்து அதே வரிசையில் நின்றுதான் அந்த நிறுவனங்களுக்குள் நுழைய வேண்டும். என் கருத்தில், பணத்தைச் சேர்த்து வைத்து முதுநிலைக்குச் சென்னைக்கு அனுப்புவதே அவளுக்கு அதிகப் பயன் தரும். அப்போது தேசிய உயர்கணித வாரியத்தின் உதவித்தொகைக்கும் போட்டியிடலாம்.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் செய்ய வேண்டியவை சில உண்டு. 1993 முதல் நடைபெற்றுவரும் கணிதப் பயிற்சி, திறன் தேடல் திட்டம் கோடை விடுமுறையில் இளநிலை மாணவர்களுக்கு முகாம் நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளுடன் அமர்ந்து நிறுவல் எழுதக் கற்றுக்கொள்ளலாம். நிறுவலைத் தன் கையால் எழுதிப் பழகிய மாணவருக்கும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் படியெடுத்த மாணவருக்கும் உள்ள வேறுபாடு ஜாம் தேர்விலும் நேர்காணலிலும் வெளிப்பட்டுவிடும். இந்த வேறுபாடு சென்னைக் கல்லூரியில் சேர்வதால் தானாக வந்துவிடாது. கணினிப் பக்கம் ஆர்வம் இருந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்தையும் உடன் படிக்கலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, சில வாரப் பாடங்களைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஒரே காலத்தில் இரு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி தந்துவிட்டது.

களக்காட்டு மாமா:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மருமகனுக்குக் கால்நடை மருத்துவம் அல்லது சட்டம் என்று இரண்டு எண்ணங்கள். இவற்றுக்காவது சென்னை தேவையா?

வள்ளியூர்க்காரன், இப்போது தாம்பரம்:

கால்நடை மருத்துவத்துக்குச் சென்னைதான் வேண்டும் என்று நிற்க வேண்டியதில்லை அண்ணாச்சி. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டையது, பெருமை மிக்கது. ஆனால் நெல்லை இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிதான். பாடத்திட்டமும் பட்டமும் ஒன்று. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. நகரத்துச் செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்க விரும்பினால் சென்னையில் கிடைக்கும் அனுபவம் அதிகம். ஆடு மாடு என்றால் களக்காட்டைச் சுற்றிக் கிடைக்கும் அனுபவம் வேப்பேரியில் கிடைக்காது.

சட்டத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் கட்டணம் அரசு சட்டக் கல்லூரிகளைவிடக் கூடுதல், போட்டியும் கடுமை. நெல்லையிலும் அரசு சட்டக் கல்லூரி 1996 முதல் இருக்கிறது. பையன் படித்துவிட்டு எங்கே தொழில் செய்யப் போகிறான் என்று கேளுங்கள். நம் மாவட்டத்து வழக்குகள் 2004-இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் மேல்முறையீட்டுக்குப் போகின்றன. நெல்லையிலும் மதுரையிலும் தொழில் செய்யப் போகிறவனுக்கு, படிக்கும்போதே இங்குள்ள மூத்த வழக்கறிஞர்களிடம் பழகுவது பின்னாளில் கைகொடுக்கும். நிறுவனச் சட்டம், தீர்ப்பாயங்கள் என்று எண்ணம் இருந்தால் சென்னை தகும்.

சேரை மகள்:

இந்த இழையில் இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் படிப்பு, கட்டணம், தேர்வு என்ற அளவில் மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் சென்னையில் மகளிர் கல்லூரி ஒன்றில் பொருளியல் படித்தவள். ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் சென்னை என்பது முதுநிலைக்குக் காத்திருக்கலாம் என்ற தம்பியின் முடிவோடு நான் முழுதும் உடன்படவில்லை.

நம் ஊரில் ஒரு பெண் கல்லூரிக்குப் போய் வரும் பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பது அவள் வீடு சேரும் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். கல்லூரியிலும் புதிதாகப் பழகுகிறவர்கள் பெயருக்கு அடுத்தபடியாக ஊரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்ட பிறகு தெருவைக் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சென்னை விடுதியில் என் அறையில் இருந்த மூவரும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. சென்னையில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதில் முதன்முறையாக அந்தக் கேள்வி இல்லாமல் ஓர் அறையில் தூங்கி எழுந்தது என் படிப்பை எவ்வளவு மாற்றியது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு எனக்கு அங்கேதான் வந்தது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலை வரை தனியாக அமர்ந்து படித்துவிட்டுப் பேருந்தில் விடுதிக்குத் திரும்புவது, என்னைப் போன்ற ஒரு பெண்ணுக்குப் பட்டத்துக்கு இணையான கல்வியாகவே இருந்தது. இதை இருபத்தொரு வயது வரை தள்ளிப் போடலாம்தான். ஆனால் நம் வீடுகளில் இருபத்தொரு வயதில் பெண்ணுக்கு வேறு பேச்சு தொடங்கிவிடும் என்பதையும் யாராவது எழுத வேண்டும். பாளையில் பட்டம் முடித்து, முதுநிலைக்குச் சென்னை என்று திட்டமிட்ட என் தோழியர் சிலருக்கு அந்த முதுநிலை வரவே இல்லை.

தடைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் பருவம் மிகவும் கடினமாக இருந்தது. பாடம் புரியும், ஆனால் எழுத வராது. கணிதத்தில் இந்தத் துன்பம் சற்றுக் குறைவு, குறியீடுகள் மொழியைத் தாண்டி உதவும். விடுதியைப் பொறுத்தவரை, கல்லூரிச் சேர்க்கை வேறு, விடுதிச் சேர்க்கை வேறு என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்த பின் விடுதி இடம் இல்லை என்றதால், முதல் ஆண்டை நான் ஒரு தனியார் விடுதியில் கழித்தேன். குடிநீருக்கும் உணவுக்கும் பட்ட பாடு படிப்பைத்தான் தின்றது. எனவே விடுதி உறுதியாகாமல் முழுக் கட்டணத்தையும் கட்டாதீர்கள். அம்பை அக்காவிடம் சொல்லுங்கள் அண்ணாச்சி: கல்லூரியின் சொந்த விடுதிகளில் வெளியே செல்வதற்கும் திரும்புவதற்கும் கையெழுத்து, பெற்றோருக்குத் தகவல் என எல்லாம் கண்டிப்பாகவே இருக்கும். பாதுகாப்பை எண்ணி அவர் கவலைப்பட வேண்டிய இடம் தனியார் விடுதிகள்தாம்.

சிறுசேரி ஆய்வு மாணவன்:

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதுநிலை வரை காத்திருக்கலாம் என்ற என் கருத்து, காத்திருக்கும் காலத்தில் வீடு பெண்ணின் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் செல்லுபடியாகும். அண்ணாச்சி அந்த உறுதியை மகளுக்குத் தர முடியும் என்றால் பாளை. தர முடியாது என்றால் இப்போதே சென்னை.

தென்காசி வாசகர்:

ஒரு விவரத்தை யாரும் தொடவில்லை. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இந்தத் தங்கை பள்ளி முழுதும் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்ந்தால், பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட குரூப் 1, குரூப் 2 போன்ற பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். குரூப் 4 பணிகளுக்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி என்பதால் அங்கே பாதிப்பு இல்லை. அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகள் உண்டு. ஆராய்ச்சிதான் குறிக்கோள் என்றால் ஆங்கிலவழியே பின்னால் எளிது. மாநில அரசுப் பணி என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் இதை அறிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

அம்பை நெல் வியாபாரி:

எழுதிய அனைவருக்கும் என் குடும்பத்தின் நன்றி. எல்லாப் பதிவுகளையும் மகளும் அவள் அம்மாவும் உடன் இருந்து வாசித்தார்கள். சேரை மகள் எழுதியதை வாசித்த பிறகு அவள் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, படிப்பு முடியும் வரை கல்யாணப் பேச்சு இந்த வீட்டில் வராது என்று அவராகவே சொன்னார். மகள் கேட்ட உறுதி அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது நாங்கள் முடிவு செய்திருப்பது இது. அரசுக் கல்லூரிப் பொது விண்ணப்பத்தில் மாநிலக் கல்லூரி, ராணி மேரி, ராணி அண்ணா மூன்றையும் கொடுத்தாயிற்று. தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்கு உதவி பெறும் பிரிவில் மட்டும் விண்ணப்பிக்கிறோம். பாளையில் சாராள் தக்கருக்கும் நாளை நேரில் போகிறோம். சென்னையில் அரசுக் கல்லூரி இடமோ உதவி பெறும் இடமோ, கல்லூரி விடுதியுடன் சேர்ந்து கிடைத்தால் சென்னை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பாளை. பாளையில் படித்தால் முதுநிலைக்குச் சென்னை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மைத்துனருக்காகப் பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்கிறோம். கிண்டி கிடைத்தால் மட்டும் மறுபடி பேசலாம் என்று மகளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். எந்தெந்தச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும்.

வள்ளியூர்க்காரன், இப்போது தாம்பரம்:

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்பதை விசாரித்துத்தான் தருவார்கள். நாள் ஆகும், எனவே முதலில் அதைப் போடுங்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு கிடைக்காமல் போனாலும் அந்தச் சான்று கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டு பள்ளிகளிலும் வாங்குங்கள். வங்கிக் கணக்கு மகளின் பெயரில், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். புதுமைப் பெண் தொகை பலருக்கும் அதில்தான் தடைபடுகிறது.

இரயிலுக்கு அறுபது நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கிறது. தீபாவளிக்கு ஊர் திரும்பும் வண்டி திறந்த சில நிமிடங்களில் நிறைந்துவிடும். உங்கள் ஊர் வழியாகவே வாரத்தில் மூன்று நாள் செங்கோட்டை–தாம்பரம் வண்டி வருகிறது. கிறித்தவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதில் ஏறி இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நேர்காணல் நாள் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், நான் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.